அடைக்கலமேரியின் முட்டிக்குள் வெள்ளை ஷீட்

ஆவூர் அடைக்கலமேரி வாய்த்துடுக்குக்காரி. பஞ்சாயத்துத் தலைவரையே தெருவில் நிறுத்திக் கேள்வி கேட்பவள். அப்படிப்பட்டவள் ஒரு பிளாஸ்டிக் துண்டைப் பார்த்து நடுங்கினாள் என்றால் நம்பக் கஷ்டம்தான்.

அந்தத் துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்தவன் அவள் மகன் லியோ. நார்த்தாமலைப் பக்கம் ஒரு கிரஷரில் ஃபிட்டராக இருந்தான். கல்லைத் தூளாக்கி மணலாக விற்கும் இடம் அது. மணல் வந்து விழும் இரும்புத் தொட்டியில் ஈர மணல் சுவரெல்லாம் அப்பிக்கொள்ளும். ஆள் இறங்கிக் கடப்பாரையால் குத்திவிட வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் இறங்குவார்கள். அப்பிய மணலில் வெறுங்கால்தான் நன்றாகப் பிடிக்கும் என்பது அங்கே எல்லாருக்கும் பாடம். இந்தத் தொல்லை தீர முதலாளி தொட்டிக்குள் வெள்ளை ஷீட் போட்டார். பிளாஸ்டிக் குடத்தின் இனம்தான், ஆனால் அதற்குள் இருக்கும் மூலக்கூறுச் சங்கிலி பல மடங்கு நீளம். மணல் உரசி உரசி இரும்பே தேயும் இடத்தில் இது லேசில் தேயாது. எதுவும் ஒட்டவும் ஒட்டாது.

லியோவும் எழிலரசன் என்ற கூட்டாளியும் போல்ட் போட்டு அதை மாட்டினார்கள். மிச்சத் துண்டை மீன் வெட்டும் பலகையாக அம்மாவுக்குக் கொண்டுவந்தான்.

"எத்தன வருசம் வெட்டுனாலும் தேயாதும்மா" என்றான்.

அடுத்த மழைக்காலத்தில் தொட்டியின் வாயில் ஒரு கல் சிக்கியது. லியோ பழைய பழக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினான். மணல் ஒட்டாத இடத்தில் காலும் நிற்காது என்பது, அதை மாட்டியவனுக்கே அந்த நேரத்தில் தோன்றவில்லை. வழுக்கி அடியில் விழுந்தான். எதிர்ப்பக்கம் குவிந்திருந்த மணல் சரிந்து அவனை மூடியது. ஷீட் வாங்கத் தெரிந்த முதலாளிக்கு இடுப்பு பெல்ட் வாங்கத் தெரியவில்லை.

அடைக்கலமேரி பலகையைக் கொல்லையில் புதைத்தாள். மழையில் மண் கரைந்து அது வெள்ளை வெளேரென்று எட்டிப் பார்த்தது. இன்னும் ஆழமாகப் புதைத்தாள். கோழி கிளறிய இடத்தில் மறுபடியும் தெரிந்தது.

"இது மக்க மாட்டேங்குதுடி. எம் புள்ள மக்கிருப்பான்" என்று மகள் மெர்லினிடம் சொன்னாள். அதன்பிறகு கொல்லைப்பக்கம் போவதையே விட்டுவிட்டாள்.

பிறகு வலது முட்டி போனது. கல்லறைத் திருநாள் அன்று ஊரே பூவும் மெழுகுவர்த்தியுமாக உள்ளே போக, அவள் கல்லறைத் தோட்டத்து வாசலில் ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்தாள். அடுத்த வருடமாவது மகன் பக்கத்தில் போய் நிற்க வேண்டும் என்றுதான் முட்டி மாற்றும் ஆபரேஷனுக்குச் சம்மதித்தாள்.

திருச்சியில் டாக்டர் செயற்கை மூட்டின் மாதிரியை அவள் கையில் கொடுத்தார். இரண்டு உலோகத்துக்கு நடுவே ஒரு வெள்ளைத் துண்டு. விரலால் தடவியதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"இது கிரஷர் தொட்டியில போடுற சாமானுங்களா?"

டாக்டருக்கு ஒரே ஆச்சரியம். "அதே வகைதாம்மா. ஒடம்புக்குன்னு சுத்தமாச் செய்யறது. வழுக்கிட்டு நகரும், ரொம்ப வருஷம் தேயாது."

அவள் மாதிரியை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். மெர்லின் பின்னாலேயே ஓடிவந்தாள்.

"இது இல்லாம அண்ணங்கிட்ட நடந்து போக முடியாதும்மா."

"அவன முழுங்குனத என் ஒடம்புக்குள்ளயே வைக்கச் சொல்றியா?"

மெர்லின் அம்மாவை வராந்தா பெஞ்சில் உட்காரவைத்து வலது முட்டியைத் தேய்த்துவிட்டாள். கடைசியில் அடைக்கலமேரியே எழுந்தாள்.

"வச்சுவிடச் சொல்லு. எனக்கு அங்கிட்டுப் போகணும்."

அடுத்த கல்லறைத் திருநாளுக்கு அவள் நடந்தே போனாள். முட்டிக்குள் அது வழுக்குவது ஒவ்வோர் அடியிலும் தெரிகிறது என்பாள். அப்படியெல்லாம் தெரியாது என்று டாக்டர் சொன்னதை அவள் நம்பவில்லை. விழுந்துவிடும் பயத்தில் மெர்லினின் தோளை இறுகப் பிடித்திருந்தாள். மகனின் கல்லறை முன் நின்று மெழுகுவர்த்தி ஏற்றிய பிறகுதான் கவனித்தாள். முட்டியில் வலி என்பதே இல்லை. அவனை முழுங்கிய சாமானே தன் வலியை எடுத்துவிட்டது என்பதை அவளால் தாங்கமுடியவில்லை.

"வலிக்காம வந்து நிக்கிறேன்யா" என்று, மன்னிப்புக் கேட்பவள்போல மகனிடம் சொன்னாள்.