நாணு எழுதிய காலி நாற்காலி

மத்திகெரேயில் பன்னிரண்டு வீடுகள் கொண்ட ஓர் அடுக்ககத்தின் செயலாளர் நாணு. முழுப் பெயர் நாராயணன். அது ஓய்வூதியப் புத்தகத்தில் மட்டும் இருக்கிறது. வயது எழுபத்து நான்கு. பீன்யாவில் மின்மோட்டார் செய்யும் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவர். அதில் 1977 முதல் 2008 வரை, முப்பத்தொரு வருடம், விசாரணை எழுத்தர். தொழிலாளி மேல் புகார் வந்தால் ஓர் அறையில் விசாரணை நடக்கும். அதிகாரி கேட்பார். சாட்சி தமிழிலோ கன்னடத்திலோ பதில் சொல்வார். நாணு அதை அந்த இடத்திலேயே ஆங்கிலமாக்கித் தட்டச்சில் அடிப்பார். இப்படி அடித்த வாக்குமூலங்கள் ஆயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு. ஒன்றிலும் அடித்தல் திருத்தல் கிடையாது.

அந்தச் சுத்தம் வந்த வழியைச் சொல்ல வேண்டும். நம் ஊர்ச் சாட்சி, "அவர் அங்க இருந்தாருன்னு நெனைக்கிறேன் சார்" என்பார். விஷயம் முன்னால் வரும். நினைப்பு கடைசிப் பெட்டி மாதிரி பின்னால் வரும். கன்னடமும் இதே தண்டவாளம்தான். ஆங்கிலத்தில் நினைப்புதான் இன்ஜின். 'ஐ திங்க் தட்' என்று முதலில் போட்டுவிட்டு, அதன் பின்னால்தான் விஷயத்தைக் கோக்க வேண்டும். 'ஐ நோ தட்', 'ஐ பிலீவ் தட்' எல்லாவற்றுக்கும் அதே வரிசை.

நாணுவின் விரல்கள் வேகமானவை. சாட்சி 'இருந்தாரு' என்னும்போதே அவர் அதை ஆங்கிலத்தில் அடித்து முற்றுப்புள்ளியும் வைத்திருப்பார். அதன் பிறகுதான் 'ன்னு நெனைக்கிறேன்' வந்து சேரும். நான்கு கார்பன் தாள் செருகிய மெஷினில் வாக்கியத்தின் தலைக்குத் திரும்பிப் போவதென்றால் ஐந்து பிரதிகளிலும் ரப்பர் வைத்துத் தேய்க்க வேண்டும். ஆகவே நாணு போகவில்லை. சாட்சி இருமுவதை யாரும் பதிவு செய்வதில்லை, இதுவும் அந்த மாதிரிதான் என்று ஆரம்பத்திலேயே தீர்மானித்துவிட்டார். தாளின் அடியில் 'எனக்குப் படித்துக் காட்டப்பட்டது, சரியாக உள்ளது' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும். ஆங்கிலம் தெரியாத சாட்சி அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுவார்.

அதிகாரிகளுக்கு இது பிடித்திருந்தது. நாணு எழுத்தில் சாட்சிகள் தடுமாறுவதே இல்லை என்று மூன்று பேர் நற்சான்று கொடுத்திருக்கிறார்கள். 1999இல் கணினி வந்து, வாக்கியத்தின் தலைக்குப் போவது ஒரு பொத்தான் வேலையாயிற்று. ஆனால் அதற்குள் விரல்களுக்கு இருபத்திரண்டு வருடப் பழக்கம். அந்தத் தடுமாறாத சாட்சிகளால் எத்தனை பேருக்கு வேலை போயிற்று என்ற எண்ணிக்கை மட்டும் நாணுவிடம் இல்லை. அது வேறொரு பிரிவின் கோப்பு.

இனி அடுக்ககத்துக்கு வருவோம். 2024 ஜூலை 11, வியாழக்கிழமை, காலை ஆறு இருபதுக்கு மேல்தொட்டி நிரம்பி வழிந்தது. தண்ணீர் லிஃப்ட் குழிக்குள் இறங்கி லிஃப்ட் நின்றுபோனது. மோட்டாரைப் போடுவதும் அணைப்பதும் காவலாளி கோவிந்தப்பாவின் வேலை. ஆனேக்கல்காரர்; மூன்று மொழி பேசுவார். ஜெனரேட்டருக்குப் பக்கத்து அறையில் மனைவியோடு குடியிருந்தார். தாம் கேட்டருகே, மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் தம் சேரிலேயே இருந்ததாகவும், அணைத்தும் சுவிட்ச் வேலை செய்யவில்லை என்றும் அவர் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குக் கூட்டம். தலைவர் நரேஷ், திருச்சிப் பக்கத்திலிருந்து வந்து மென்பொருள் கம்பெனியில் மேலாளராக இருப்பவர். யார் என்ன பார்த்தீர்கள் என்று அவர் கேட்டபோது நாணு ஒருவர்தான் வாய் திறந்தார். இரண்டாம் மாடிப் பால்கனியிலிருந்து பார்த்தேன், கோவிந்தப்பா சேரில் இல்லை என்று நினைக்கிறேன் என்றார். செயலாளரும் அவரே என்பதால் சொல்லிக்கொண்டே எழுதவும் செய்தார். கையில் இருந்தது பேனா. கார்பன் இல்லை, ரப்பர் இல்லை. இருந்தும் பதிவேட்டில் ஆங்கிலத்தில் விழுந்தது இவ்வளவுதான்: 'கோவிந்தப்பா நாற்காலியில் இல்லை. செயலாளர் நேரில் கண்டார்.'

அந்த இரண்டு வரிகளை வைத்துத் தீர்மானம் ஆயிற்று. கோவிந்தப்பாவை வேலையிலிருந்து நிறுத்துவது, மாத முடிவுக்குள் அவர் அறையைக் காலி செய்வது. அடுத்த ஞாயிறு பதிவேட்டை வாசித்து உறுதி செய்ததும் கடிதம் கொடுக்கலாம் என்றார்கள்.

கடிதத்தை எழுத வேண்டியவரும் நாணுதான். வெள்ளிக்கிழமை மதியம், சம்பவ நேரத்தைச் சரிபார்க்கத் தம் டைரியை எடுத்தார். நாற்பத்தொன்பது வருடமாக ஒரு நாள் விடாமல் எழுதி வருகிற டைரி. ஜூலை 11 பக்கத்தில் நேரம் இருந்தது. எதிர்ப் பக்கத்தில் 9ஆம் தேதி இருந்தது: 'மூக்குக்கண்ணாடி, இடது காது உடைந்தது. எட்டாவது கிராஸ் கடையில் கொடுத்தேன்.' அவர் பக்கத்தைத் திருப்பினார். 13ஆம் தேதி: 'கண்ணாடி திரும்பி வந்தது.'

மூன்றாம் முறை திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மனைவி ஜகதாம்பாள் காபி கொண்டுவந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு காபியை ஆற்றிக்கொண்டே சொன்னாள்.

"கண்ணாடி இல்லாம அன்னிக்கு உப்புன்னு நெனச்சு சர்க்கரையைப் போட்டுண்டு மோர் குடிச்சேளே, அதை எழுதலையா?"

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

"மேஜை மேல இருக்கற டப்பா தெரியலை. ரெண்டு மாடிக்குக் கீழ சேர் தெரிஞ்சுதாக்கும்."

நாணு, அன்று பால்கனியிலிருந்து என்ன பார்த்தோம் என்று யோசித்தார். சிவப்பாக ஒன்று தெரிந்தது. சேர் சிவப்பு. அதில் காக்கி தெரியவில்லை. ஆனால் கண்ணாடி இல்லாமல் அவருக்கு எதிர்வீட்டு வேப்பமரமே ஒரு பச்சைக் கறைதான். அதனால்தான் கூட்டத்தில் 'நினைக்கிறேன்' என்று சொல்லியிருக்கிறார். வாய் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

அப்போதுதான், கேட்காமலே, 1994இல் செப்புக்கம்பி திருட்டு விசாரணையில் ஒரு கேன்டீன்காரர் சொன்னது நினைவுக்கு வந்தது. "சுனில் மாதிரிதான் இருந்துச்சுன்னு நெனைக்கிறேன் சார்." தாளில் 'அது சுனில்' என்று இருந்தது. சுனிலைப் பிறகு தொழிற்சாலையில் பார்க்கவில்லை. நாணு காபியைக் குடிக்காமல் வைத்துவிட்டார். ஜகதாம்பாள் அதை எடுத்துக்கொண்டு போய்த் தானே குடித்தாள்.

பதிவேட்டைத் திருத்துவது என்பது நாணுவின் வாழ்க்கையில் நடக்காத காரியம். சனிக்கிழமை முழுவதும் அந்த இரண்டு வரிகளின் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஆள் போவதா, அடித்தல் இல்லாத பெயர் போவதா என்பதுதான் கேள்வி. இதற்கு ஒரு நாள் யோசனை தேவைப்பட்டது என்பதை அவர் டைரியில் எழுதவில்லை.

21ஆம் தேதி கூட்டத்தில் பதிவேட்டை வாசிக்கச் சொன்னபோது நாணு எழுந்து நின்று, நான் பார்க்கவில்லை, பார்த்ததாக நினைத்தேன் என்றார். கண்ணாடிக் கடை ரசீதையும் மேஜை மேல் வைத்தார்.

"அங்கிள், இது ரெக்கார்டு," என்றார் நரேஷ். "நினைக்கிறேன்னு இருந்தா இதை வச்சு என்ன ஆக்‌ஷன் எடுக்கறது?"

"எடுக்க முடியாது. அதனாலதான் சொல்றேன்."

முதல் மாடி பிரிஜெட், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், மெதுவாகச் சொன்னார்: "நீங்க பாத்தீங்கன்னுதானே நாங்க எல்லாரும் கைதூக்குனோம் நாணு சார்." வேறு யார் பார்த்தது என்று விசாரித்தார்கள். ஒருவரும் பார்த்திருக்கவில்லை. ஆனால் அந்த வாரத்தில் பன்னிரண்டு வீட்டிலும் எல்லாருக்கும் நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

"அப்ப ஒன்பது வருஷமா நீங்க எழுதுன மினிட்ஸ்ல எதெல்லாம் நீங்க பாத்தது, எதெல்லாம் நினைச்சது?" என்றார் நரேஷ். இரண்டு பேர் சிரித்தார்கள். நாணு பேனாவை எடுத்து அந்த இரண்டு வரிகளையும் அடித்தார். கோடு நேராக வர அடிக்கோல் வைத்து அடித்தார். பிறகு பக்க ஓரத்தில் முதல் முறையாக 'ஐ திங்க் தட்' என்று எழுதி, அதன் கீழே கையெழுத்தும் தேதியும் போட்டார். செயலாளர் பதவியிலிருந்து விலகவும் முன்வந்தார். அந்த வேலையை வாங்கிக்கொள்ள வேறு ஆள் இல்லாததால் அது ஏற்கப்படவில்லை. கோவிந்தப்பா இருக்கட்டும், தொட்டி நிறைந்தால் தானே அணைகிற சுவிட்ச் ஒன்று வாங்கலாம் என்று முடிந்தது.

சாயங்காலம் ஐந்து நாற்பதுக்கு நாணு வாசல் கேட் பக்கம் போனபோது கோவிந்தப்பா சேரிலிருந்து எழுந்து வந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் குரலைத் தாழ்த்தினார்.

"சார், உங்க கிட்ட மட்டும் சொல்றேன். அன்னிக்கு நா சேர்ல இல்ல சார். டீ குடிக்கப் போயிட்டேன். மோட்டார் ஞாபகமே வர்ல. நீங்க மொதல்ல எழுதுனதுதான் கரெக்ட்."

ஒரு கலப்படமில்லாத 'ஐ நோ தட்' வாழ்க்கையில் முதல் முறையாகத் தானே நடந்து வந்து நாணுவின் கையில் ஏறியிருந்தது. அவர் கோவிந்தப்பாவின் சேரைப் பார்த்தார். சிவப்புதான். "புது சுவிட்ச் வியாழக்கிழமை வரும்," என்று சொல்லிவிட்டுப் படியேறினார். லிஃப்ட் இன்னும் ஓடவில்லை.

மேலே வந்ததும் டைரியைத் திறந்தார். 'கோவிந்தப்பா சொன்னார்' என்று ஆங்கிலத்தில் எழுதவந்த விரல் நின்றது. இந்த முறை வாக்கியத்தின் தலையிலிருந்தே தொடங்கினார். 'கோவிந்தப்பா வந்தார். ஏதோ சொன்னார். ஐ திங்க் தட், எனக்குச் சரியாகக் காது கேட்கவில்லை.'

ஜகதாம்பாள் சமையலறையிலிருந்து, புளி ஊறப் போட்டாயிற்றா என்று முணுமுணுப்பாகத் தனக்குள் கேட்டுக்கொண்டாள். கூடத்தின் மறுகோடியிலிருந்து, "போட்டாச்சு, அஞ்சு பத்துக்கு," என்றார் நாணு.