சங்கத்தின் பெயரில் ஒரு மிஷின்

ஓசூரில் ஒரு மாடியறையில் நடந்த வட்டியில்லாக் கடன் சங்கத்துக்கு 2006-ல் முதல் கம்ப்யூட்டர் வந்தது. அதற்குப் புரோகிராம் எழுதியவர் லால் பாஷா. அவருக்கு வேலை சிப்காட்டில், ஒரு கம்பெனிக்கு வரும் உதிரிபாகங்களை அளந்து பார்த்து வாங்குவது. கம்ப்யூட்டர் அவராகப் படித்துக்கொண்டது.

கொடுத்த பணத்துக்கு மேல் வாங்கினால் அது வட்டி என்பதால் சங்கம் பணமாகத் தராது. கேட்ட பொருளைத் தானே வாங்கி, லாபம் இவ்வளவு என்று முன்பே சொல்லி, தவணைக்கு விற்கும். ஆகவே சங்கத்தின் பெயரில் கடை பில் ஏறாமல் அடுத்த திரை திறக்காதபடி அவர் எழுதியிருந்தார்.

சங்கத்தில் மனுப் போட்டிருந்த பாகலூர் ஜெய்னப்புக்கு அவசரம். துணியின் ஓரம் தைக்கும் ஓவர்லாக் மிஷின் இருந்தால் திங்கட்கிழமை முதல் வீட்டுக்கே துணி அனுப்புவதாக ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனி சொல்லியிருந்தது. சங்கம் மனுவை ஏற்றதும் அவளே ஆயிரம் ரூபாய் முன்பணம் கட்டி மிஷினை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டாள். சனிக்கிழமை பில்லோடு லால் பாஷாவிடம் வந்தாள். பில்லில் அவள் பெயர்.

"இது உங்க மிஷினும்மா. உங்களுதை உங்களுக்கே எப்படி விக்கிறது?"

"பேரை மட்டும் மாத்தி அடிங்க பாய்."

"அப்ப அது வட்டிக்குப் பணம் குடுத்த மாதிரிதான். கடையில திருப்பிக் குடுங்க. சங்கம் வாங்கும். மிஷின் ஒரு தடவை இங்க வரணும்."

"பாகலூர்லேர்ந்து கடைக்கு, கடையிலேர்ந்து இங்க, மறுபடி பாகலூருக்கு. ஹஜ்ஜுக்குப் போனாக்கூட இத்தனை சுத்து இல்ல பாய்."

அவர் சிரிக்கவில்லை. கூடவே போனார். கடைக்காரர் சௌந்தரராஜன் முன்பணத்தைத் திருப்பித் தந்து, சங்கத்தின் பெயரில் புது பில் போட்டார்.

சங்கத்து மாடிப்படியில் ஏற்றும்போது கயிறு நழுவியது. மோட்டார் படியில் மோதி உடைந்தது. ஜெய்னப் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"போச்சு. ஓடாத மிஷினுக்கு ரெண்டு வருசம் தவணை கட்டணும்."

"நீங்க இன்னும் வாங்கலையேம்மா," என்றார் லால் பாஷா. "உடைஞ்சது சங்கத்து மிஷின்."

ஞாயிறு காலை சங்கத்தின் செலவில் வேறு மோட்டார் மாட்டினார்கள். மிஷின் நம்பரைப் பில்லோடு இருமுறை ஒத்துப் பார்த்த பிறகே அவளுக்கான விற்பனைச் சீட்டை அடித்தார். விலை முதலில் சொன்னதுதான். அவள் கையெழுத்துப் போட்டாள்.

"இப்ப உடைஞ்சா?"

"இப்ப உங்களுது. பாத்து இறக்குங்க."

விற்கும் முன் ஏற்படும் சேதத்துக்குப் புரோகிராமில் இடம் இல்லை. ஆட்டோ பாகலூருக்குக் கிளம்பியதும் உட்கார்ந்து அதை எழுதிச் சேர்த்தார்.