செல்வமணி முற்றத்தில் ஆறு ஆணி

பிறத்தியார் முற்றத்தில் ஆணி குத்த அனுமதி கேட்பதுதான் நான் பார்த்த உத்தியோகம். வீடு வீடாகக் கதவு தட்டி, நாயிடம் பேச்சு வாங்கியவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

மலைநாட்டுக் கம்பளைக்கு மேலே ஒரு கம்பனி, பென்சிலுக்குள் வைக்கிற காரீயத்துக்குச் சுரங்கம் வெட்ட நினைத்தது. வெட்டுமுன் ஆழத்தில் என்ன இருக்கிறதென்று பார்க்க வேண்டுமாம். வரிசையாக ஆணிக் கருவிகளைக் குத்தி, பெரிய சுத்தியலால் நிலத்தில் ஓங்கி அடிப்பார்கள். அதிர்வு உள்ளே போய்ப் பாறையில் பட்டுத் திரும்பும். ஆணிகள் அதைக் கேட்கும், கம்பியூட்டர் படம் வரையும்.

வேலை கிடைத்த விதம்

எங்கள் மேல்மாடியில் வாடகைக்கு இருந்த, அந்தக் கம்பனியின் யாழ்ப்பாணத்துப் பொறியியலாளர் குகன் ஒரு காலையில் இறங்கி வந்தார். அப்போதுதான் பழைய சூரையைப் புதுசென்று விற்க வந்த மீன்காரரை மூன்று மொழியிலும் திட்டி அனுப்பிவிட்டு நின்றேன். கன்னியாஸ்திரிகள் கற்றுத் தந்த ஆங்கிலம் கடைசியில் அதற்குத்தான் உதவியது.

"எல்லாத்தையும் மேல நிண்டு கேட்டனான் அக்கா. சனத்தோட கதைக்க நீங்கள்தான் சரி."

ஏழு பேர்ச்

செல்வமணி தேயிலை மலையில் கொழுந்து எடுப்பவள். தோட்டத்து வரிசைவீட்டு லயக் காம்பராவிலிருந்து, ஒரு வீடும் முற்றமும் கொள்ளும் ஏழு பேர்ச் காணிக்கும் சொந்த வீட்டுக்கும் வந்து இன்னும் சுவர்ச் சுண்ணாம்பு வாசம் போகவில்லை. "குத்தவிட்டா நாளைக்கு என் வீட்டுக்குக் கீழேயே தோண்டுவீங்களா?" என்றாள்.

குகனைக் கேட்டேன். திட்டத்தில் சுரங்கப்பாதை ஏற்கெனவே அவள் வீட்டுக்கு அடியில்தான் கீறியிருக்கிறதாம். கீழே பாறை சரியில்லை என்று படம் காட்டினால் மாற்றுவார்கள். படமே இல்லாவிட்டால் கீறினது கீறினதுதான். பூசி மெழுகாமல் அப்படியே அவளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் சுவரைத் தடவிக்கொண்டு நின்றாள்.

"அப்ப குத்துங்க மிஸ். ஆனா கோழிய மிதிச்சிட்டீங்கன்னா அப்புறம் நடக்கிறதே வேற."

மௌனம்

சுத்தியல் விழும்போது ஓர் ஆள் நடந்தாலும் ஆணிக்குக் கேட்டுவிடும். ஆகவே ஊரையே வாயில் விரல் வைத்து அடக்கினேன், எங்கள் பள்ளிக்கூட மதர் சுப்பீரியர் தோற்றார். சரியாகச் சுத்தியல் ஓங்கிய நேரம் பாண் ரொட்டி விற்கும் முச்சக்கரவண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வளைவில் ஏறியது. நிறுத்துங்க என்று கையை விரித்து நின்றேன். வண்டிக்கார முஸ்லிம் நானாவுக்கு வந்ததே கோபம்.

"மேடம், மண்ணுக்குக் காது கேக்கோணும்ண்டு எங்கட யாவாரத்த உட ஏலுமா?"

மழை

கடைசி நாள். செல்வமணி முற்றம் மட்டும் பாக்கி; காலையிலேயே ஆறு ஆணி குத்தியாயிற்று, சுத்தியல் அடிக்க வேண்டியதுதான். சாயங்காலம் லொறி சாமான்களோடு கொழும்புக்குப் போய்விடும். சாப்பாட்டு நேரத்தில் மழை கொட்டி ஓய்ந்தது. திரும்பி வந்து கம்பியூட்டரைத் திறந்த குகன் வெளிறிப்போனார். அந்த ஆறு ஆணி மட்டும் பூகம்பம் வந்ததுபோல் துள்ளிக்கொண்டிருந்தன.

ஓடிப் போய்ப் பார்த்தோம். ஆணி ஆறும் வயரோடு வீட்டுக்குள் ஒரு பேசினில் பளபளவென்று நின்றன. பக்கத்தில் செல்வமணி தையல் மெசினை மிதித்துக்கொண்டிருந்தாள். லொறி டிரைவர் ஹோர்ன் அடித்தார். குகன், "நேரமில்லை அக்கா, விடுவம்" என்றார். விடுவதா? அவளுடைய வீடல்லவா போகும்! நேரே போய் லொறிக்கு முன்னால் குடையை விரித்து நின்றேன். மீன்காரர் நினைவு வந்திருக்க வேண்டும், குகன் உடனே ஆணிகளை மறுபடி குத்தினார். சுத்தியல் விழுந்தது. செல்வமணிக்கோ ஒன்றும் விளங்கவில்லை.

"நனையுதே பாவம்னு எடுத்தேன். சேறா இருந்திச்சு, கழுவியும்ல வச்சேன் மிஸ்!"

படம்

சில வாரத்தில் படம் வந்தது. செல்வமணி வீட்டுக்கு அடியில் பாறை அகலமாக நொறுங்கிக் கிடந்தது. தண்ணீர் தேங்கும் இடம், வெட்டினால் சுரங்கமே மூழ்கும் என்றார் குகன். பாதையை அப்பால் வளைத்துவிட்டார்கள். பிரதியை எடுத்துக்கொண்டு நானே ஓடினேன். அவள் அந்தக் கோடுகளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். வீடு தப்பியது என்றதும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு முகம் மாறியது.

"கீழ இவ்வளவு தண்ணி கெடக்குன்னா, நான் ஏன் மிஸ் தெனமும் பைப்படியில வரிசையில நிக்கிறேன்?"

பூமிக்குள் எவ்வளவு ஆழத்தில் இருப்பதையும் பார்த்துவிடுகிறார்கள், பூமிக்கு மேலே குடத்தோடு நிற்கிறவளைப் பார்க்கிற கருவிதான் இன்னும் கம்பளைப் பக்கம் வந்து சேரவில்லை.