ஷாயிஸ்தா அளவுப்படி தைத்த ரவிக்கை

சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மருந்துக் கடைக்கும் மாவுக் கடைக்கும் நடுவே, எட்டடிக்குப் பத்தடியில் இருக்கிறது ஷாயிஸ்தாவின் தையல் கடை. பெண்கள் அங்கே அளவு கொடுக்க வருவதில்லை. அளவு ரவிக்கை ஒன்றைக் கொண்டுவந்து நீட்டி, "இதே மாதிரி தைச்சிடு" என்பார்கள். அது பெரும்பாலும் தலைப்பிரசவத்துக்கு முன்னால் தைத்ததாக இருக்கும். போன மாதம் தைத்ததைக் கொண்டுவரலாமே என்று மட்டும் யாரும் கேட்டுவிடக் கூடாது.

ஷாயிஸ்தா கேட்டதில்லை. ரவிக்கையை மரியாதையாக வாங்கி மேசையில் விரிப்பாள். பிறகு எதிரே நிற்பவளை ஒரே ஒரு பார்வை பார்ப்பாள். பக்கத்துக்கு அரை அங்குலமோ ஓர் அங்குலமோ அந்தப் பார்வையிலேயே கூடிவிடும். வாய் திறக்க மாட்டாள். தைத்ததை வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டு, "பாத்தியா, அப்படியே இருக்கேன்" என்று வந்தவள் பூரிக்கும்போது, "உங்களுக்கென்னக்கா" என்பாள். பதினெட்டு வருடத்தில் அவள் சேர்த்த சொத்து இந்தப் பொய்தான்.

இப்படி அடுத்தவர் மனசறிந்து நடப்பதற்கு ஒரு படிப்பே இருக்கிறது என்பதை அவளுக்குச் சொன்னவள் ஜெயஸ்ரீ. பக்கத்து அடுக்ககத்தின் மகளிர் குழுத் தலைவி. இரண்டு சனி, இரண்டு ஞாயிறு ஆன்லைனில் படித்துச் சான்றிதழ் வாங்கி, மாதம் ஒருமுறை 'எமோஷனல் இன்டெலிஜென்ஸ்' வகுப்பு எடுக்கிறவள்.

"மனசுல என்ன வருதோ அதுக்கு முதல்ல ஒரு பேர் வெச்சிடணும் ஷாயிஸ்தா. பேர் வெச்சிட்டா அடங்கிடும்."

பதினோரு வருடமாக ஜெயஸ்ரீயின் அளவு முப்பத்தெட்டு. வகுப்பிலேயே சொல்வாள்: "மனசு பேலன்ஸ்ல இருந்தா உடம்பும் பேலன்ஸ்ல இருக்கும். டவுட்டுன்னா என் டெய்லரைக் கேளுங்க." டெய்லருக்குத் தெரிந்த அளவு நாற்பத்திரண்டு.

போன ஐப்பசியில் ஷாயிஸ்தாவின் கணவன் சுஃபியான், ஏசி ரிப்பேருக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். மூன்று நாள் ஐசியு. ஜெயஸ்ரீயின் ரவிக்கை ஒரு நாள் தாமதமானது. ஷாயிஸ்தா போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள், மன்னிப்பும் கேட்டாள். "டேக் கேர்" என்று சொல்லிவிட்டு, ஜெயஸ்ரீ மகளிர் குழு வாட்ஸப்பில் ஒரு வாய்ஸ் நோட் போட்டாள்.

"ஃப்ரெண்ட்ஸ், ஷாயிஸ்தா கிட்ட இனிமே யாரும் துணி குடுக்காதீங்க. ஹஸ்பெண்டுக்கு முடியலன்னு ஒரே டிராமா. சிம்பதி தேடுற டைப். எமோஷனல் மெச்சூரிட்டி கொஞ்சம்கூட கிடையாது."

யாரோ புண்ணியவதி அதை ஷாயிஸ்தாவுக்கே அனுப்பிவைத்தாள். ஐசியு வாசலில் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து அவள் அதை நான்கு முறை கேட்டாள். ஒரு மாதத்தில் கடையில் ஹேங்கர்கள் மட்டும் தொங்கின. எதிரில் வந்தவர்கள் மாவுக் கடைப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

படித்தவர் சொன்னதாயிற்றே என்று, மனசில் வந்ததற்குப் பேர் வைத்தாள். பழி. அடங்கவில்லை. பேர் வைத்த பிள்ளை போலக் கூப்பிட்டதும் திரும்பிப் பார்த்தது. வேளாவேளைக்குச் சாப்பிட்டு வளர்ந்தது.

"வுடு ஷாயிஸ்தா," என்றான் சுஃபியான். "எனக்கே ஸ்டென்ட் வெச்சி அனுப்ட்டாங்கோ. உனுக்கு இன்னா பேஜாரு?"

"ஸ்டென்ட் உங்களுக்குத்தான வெச்சாங்க? எனக்கு அடைப்பு அப்படியே கீது."

மார்கழிக் கடைசியில் ஜெயஸ்ரீ வந்து நின்றாள். எதுவுமே நடக்காத முகம். தை மாதம் மகள் சத்யபிரியாவுக்குக் கல்யாணம். அரக்குப் பட்டும், அதே பழைய அளவு ரவிக்கையும் கையில்.

"ஒரு பொட்டிக்ல குடுக்கப் போனேன் ஷாயிஸ்தா. அந்தப் பொண்ணுக்கு டேப்பே பிடிக்கத் தெரியல. பத்து பேர் நிக்கிறாங்க, 'ஆன்ட்டி, ஃபார்ட்டி டூ'ன்னு கத்துறா! உன்னை மாதிரி வருமா? சம்பந்தி வீட்ல எடுத்துக் குடுத்த புடவை. பார்த்துத் தை."

எங்கே குத்தினால் எவ்வளவு ரத்தம் வரும் என்று ஒருத்தி தானே வந்து சொல்லிவிட்டுப் போவது அடிக்கடி நடக்கிற காரியமா?

"இதே அளவுதானே மேடம்?" என்று கேட்டாள் ஷாயிஸ்தா. பதினோரு வருடமாக அக்கா என்றவள் மேடம் என்கிறாள். மரியாதை கூடியிருக்கிறது என்று ஜெயஸ்ரீ சந்தோஷப்பட்டாள்.

"அதேதான்."

அன்றைக்கு ஷாயிஸ்தா தன் வாழ்க்கையிலேயே நேர்மையாக ஒரு ரவிக்கை தைத்தாள். முப்பத்தெட்டு என்றால் முப்பத்தெட்டு. பிரித்துவிட முடியாதபடி உள்தையலில் மிச்சத் துணியை ஒட்ட நறுக்கினாள். சொன்ன தேதிக்கு இரண்டு நாள் முன்பே கொடுத்தாள். ஜெயஸ்ரீ போட்டுப் பார்க்கவில்லை. அளவு மாறாதவள் எதற்குப் போட்டுப் பார்க்க வேண்டும்?

முகூர்த்த நாள், காலை ஆறரைக்குப் போன் வந்தது. "கொக்கி எட்டவே இல்ல ஷாயிஸ்தா! நாலு விரக்கடை நிக்குது! உடனே மண்டபத்துக்கு வா!"

ஷாயிஸ்தா ஐந்து மணிக்கே குளித்துப் புடவை மாற்றியிருந்தாள். நறுக்கிய அரக்குத் துணியும் அதே நிற நூலும் கைப்பையில் இருந்தன. கிழக்குத் தாம்பரத்து மண்டபத்துக்கு ஸ்கூட்டியில் பத்து நிமிடம். அவள் இருபது நிமிடம் எடுத்துக்கொண்டாள்.

அறைக் கதவைச் சாத்தியதும் ஜெயஸ்ரீ சீறினாள். "என்ன தைச்சிருக்கே நீ?"

"அளவு ரவிக்கையையும் இதையும் வெச்சுப் பாருங்க மேடம். ஒரு நூல் மாறியிருந்தா கேளுங்க."

ஜெயஸ்ரீ வைத்துப் பார்த்தாள். மாறவில்லை. பதினோரு வருட ரவிக்கைகள் ஒவ்வொன்றாக அவள் முகத்தில் வந்துபோவதை ஷாயிஸ்தா நிதானமாக வேடிக்கை பார்த்தாள்.

"அப்போ... இத்தனை வருஷமா..."

"ஆமா மேடம். வலது கைக்கு அடியில ஒட்டுப் பட்டி வெச்சா சரியாயிடும். அரை மணி நேரம் ஆவும். அதுக்கு முன்னாடி குரூப்ல ஒரு வாய்ஸ் நோட் போடுங்க. என் வூட்டுக்காரர் ஐசியுல இருந்தது நெசம், அது தெரிஞ்சேதான் டிராமான்னு சொன்னேன்னு."

"இப்பவா? முகூர்த்தத்துக்கு நாப்பது நிமிஷம்தான் இருக்கு!"

"அதனாலதான் சொல்றேன். பேசிக்கினே இருந்தா தையலுக்கு டைம் பத்தாது."

வெளியே நாதஸ்வரம் ஆரம்பித்தது. "பொண்ணோட அம்மா எங்க?" என்று யாரோ கதவைத் தட்டினார்கள். ஜெயஸ்ரீ போனை வாயருகே கொண்டுபோனாள். இரண்டு தடவை பாதி பேசி அழித்தாள். மூன்றாவது தடவை எல்லாவற்றையும் சொன்னாள். அது குரூப்பில் போய் விழும்வரை ஷாயிஸ்தா ஊசியில் நூல் கோக்கவில்லை.

தைத்து முடித்தாள். ரவிக்கை கச்சிதமாக உட்கார்ந்தது. பட்டி வைத்த இடத்தைத் தையல்காரியே தேடினால்தான் கண்டுபிடிக்க முடியும். ஜெயஸ்ரீ கண்ணாடி முன் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பிறகு, வகுப்பெடுக்கிற குரலெல்லாம் போய், சின்னதாகக் கேட்டாள்.

"ஒட்டு வெச்சது தெரியுதா ஷாயிஸ்தா?"

ஷாயிஸ்தா ஒரே ஒரு பார்வை பார்த்தாள்.

"நல்லா தெரியுது மேடம். தாலி கட்டி முடியற வரைக்கும் வலது கையைத் தூக்காதீங்க."

ஜெயஸ்ரீ வலது கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு மேடைக்குப் போனாள். எல்லோரும் மணமக்கள்மேல் அட்சதை தூவினார்கள். பெண்ணைப் பெற்றவள் மட்டும் இடது கையால் தூவினாள்.