ரம்பக்காரியின் ஏழு லட்சம்

எங்கள் மர மில்லில் அவளுக்குப் பெயர் ரம்பக்காரி. அவள் புருஷனை அந்த ரம்பத்தின் பெல்ட்தான் தோளோடு இழுத்துக்கொண்டு போனது. சுவரில் தெறித்த ரத்தத்தின் மேல் முதலாளி மறுநாளே வெள்ளையடிக்கச் சொன்னார். மூன்றாம் மாதம் அவள் அதே ரம்பத்துக்கு முன்னால் வந்து நின்றாள். "என் வீட்டுக்காரரைத் தின்னது போதும். இனிமே நான் போடறதைத் தின்னட்டும்" என்று முதல் கட்டையைத் தள்ளினாள்.

நஷ்டஈடாகப் பத்து லட்சம் வந்தது. கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டியவன் கொழுந்தன், லாரி மெக்கானிக். "எட்டு லட்சம் பேங்க்ல, ஆறு பர்சன்ட். ரெண்டு லட்சம் ஃபைனான்ஸ்ல, பன்னெண்டு பர்சன்ட். மத்ததை நான் பாத்துக்கறேன் அண்ணி" என்றான். வருஷம் தவறாமல் எழுபத்திரண்டாயிரம் வட்டி கொண்டுவந்து கொடுத்தான். அவளும் நம்பி வாங்கிக்கொண்டாள்.

மில்லில் சூப்பர்வைசர் வேலை காலியானபோது பத்தாவது பாஸ் கேட்டார்கள். அவள் பள்ளியில் கணக்கில் கோட்டைவிட்டவள். முப்பத்தெட்டு வயதில் தனித்தேர்வுக்குப் பணம் கட்டினாள். மதிய இடைவேளையில் பில் போடும் என்னிடம் புத்தகத்தோடு வருவாள். ஒரு நாள் வந்த கணக்கு: ஒருவர் தன் பணத்தை இரண்டு வட்டி வீதங்களில் பிரித்துப் போட்டார், மொத்த வட்டி இவ்வளவு, எதில் எவ்வளவு போட்டார்? நான் எக்ஸ் என்று ஆரம்பித்தேன்.

"எக்ஸெல்லாம் எதுக்கு? எல்லாத்தையும் கம்மி வட்டியில போட்டதா வெச்சுக்குவோம். அதுக்கு மேல வர்ற காசு, பெரிய வட்டி பண்ண வேலை. அவ்வளவுதானே?"

அவ்வளவுதான். எனக்குத்தான் முகம் சுருங்கிப்போனது.

அந்த வாரமே வரி அலுவலகத்திலிருந்து அவளுக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. அவள் பெயரில் வருஷ வட்டி ஒரு லட்சத்து இரண்டாயிரம். பலகை மேலேயே பென்சிலால் போட்டுப் பார்த்தாள். பத்து லட்சமும் ஆறு பர்சன்டில் இருந்தால் அறுபதாயிரம். மிச்சம் நாற்பத்திரண்டாயிரம். பன்னிரண்டில் போட்ட ஒவ்வொரு லட்சமும் ஆறாயிரம் அதிகம் தரும். ஆக, ஃபைனான்ஸில் கிடப்பது ஏழு லட்சம். வருஷம் முப்பதாயிரம் கொழுந்தன் வயிற்றில்.

துணைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு அவன் ஷெட்டுக்குப் போனாள். நோட்டீஸைப் பார்த்து முதலில் சிரித்தான். "உனக்கு எவன் கணக்கு சொல்லிக் கொடுத்தான்?" என்று என்னை முறைத்தான்.

"நானே போட்டேன். தப்பிருந்தா சொல்லு."

அவன் ஸ்பானரை ஓங்கினான். அவள் தலையைக் காக்க வலது கையைத் தூக்கினாள். மணிக்கட்டு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவன் மறுபடி ஓங்குவதற்காக, திறந்திருந்த லாரிக் கதவின் விளிம்பை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டான். அவள் இடது கையால் அந்தக் கதவை அறைந்து சாத்தினாள். அவன் விரல்கள் உள்ளே மாட்டின. திறந்தாள், மறுபடி சாத்தினாள்.

அவன் அலறல் கேட்டுப் பின்வீட்டிலிருந்து அவன் மனைவி ஓடிவந்தாள். புருஷனைப் பார்த்தாள், ஓரகத்தியின் தொங்கிய கையைப் பார்த்தாள். உள்ளே போய் ஃபைனான்ஸ் ரசீதுகளை அள்ளி வந்து போட்டாள். "எடுத்துட்டுப் போங்கக்கா. எனக்கு இந்த ஸ்பானர் தினமும்தான்."

"நீ எதுக்கு இங்க இருக்கே? கிளம்பு" என்றாள் ரம்பக்காரி.

அவளும் ஓரகத்தியும் நானும் ஒரே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது ஃபைனான்ஸ் மேனேஜர் நாளைக்கு, நாளன்றைக்கு என்று இழுத்தான். நாலாவது தடவை அவள் கட்டுப் போட்ட கையாலேயே அவன் மேஜைக் கண்ணாடியை உடைத்தாள். ஆறு லட்சம் தவணையாக வந்தது. கடைசி லட்சத்துக்குப் போனபோது ஷட்டர் இறங்கியிருந்தது. ஏமாந்த ஜனம் அதைக் கல்லால் அடித்துக்கொண்டிருந்தது.

கொழுந்தனுக்கு இரண்டு விரல் மடங்காது. போலீஸுக்கு அவனும் போகவில்லை, அவளும் போகவில்லை. அந்த வருஷம் கை சரியாகாததால் அவள் தேர்வு எழுதவில்லை. அடுத்த வருஷம் கணக்கில் நாற்பத்தொன்று வாங்கினாள். ஓரகத்தி இன்னும் அவள் வீட்டில்தான் இருக்கிறாள். யாராவது கதவைப் பலமாகத் தட்டினால் இருவருமே எழுந்து போகிறார்கள்.