ஆகவே அம்மாவின் பரீட்சை

பாத்திரம் தேய்ப்பது கணவர் பாடு, துடைத்து அடுக்குவது அவள் பாடு. கல்யாணமான புதிதில் ஏற்பட்ட இந்த உடன்பாட்டை இருவரும் மீறியதில்லை. அன்று அவள் தோளில் துண்டும் கையில் மாதிரி வினாத்தாளுமாக வந்து நின்றாள். மறுநாள் தபால் துறையில் பதவி உயர்வுக்கான பரீட்சை.

கவுண்டரில் உட்கார்ந்தே தலை நரைத்தவள். முகவரி முழுதாக இல்லை, ஆகவே வாங்க முடியாது. கையெழுத்து ஒத்துப்போகவில்லை, ஆகவே நாளைக்கு வாருங்கள். இப்படிச் சொல்லிச் சொல்லியே வரிசையில் நிற்பவர்களிடம் 'ஆகவே அம்மா' என்று பேர் வாங்கிவிட்டாள். அதில் அவளுக்கு வருத்தமில்லை. அந்த ஒரு சொல்லுக்கு மேல் யாரும் வாயாடியதில்லை. வருத்தமெல்லாம் கவுண்டருக்கு எதிரே இருந்த காரை பெயர்ந்த சுவரின் மேல்தான். அதையே பார்த்துக் கண் பூத்துப்போயிருந்தது. ஒரு தடவை எழுதிக் கோட்டைவிட்ட பரீட்சை இது. இந்த வயதில் எதற்கு என்று நாத்தனார் இழுத்தபோது, பாஸானதும் முதல் போன் உனக்குத்தான் என்று சொல்லி வாயை அடைத்தாள்.

இடைஞ்சல் ஒன்றுதான். பாஸானால் வேறு ஊருக்கு மாற்றல் நிச்சயம். கணவருக்கோ வாரநாளில் மின்விசிறி, மோட்டார் ரிப்பேர். ஞாயிறானால் நாடகக் குழு. ரிப்பேரை எந்த ஊரிலும் செய்யலாம். குழுவை மூட்டை கட்டி எடுத்துப் போக முடியாது. இந்தப் பேச்சை மட்டும் இருவரும் எடுக்கவே இல்லை.

நாடகத்தைப் பற்றி ஒரு கேள்வி, உங்கள் பேட்டைதான் என்று சொல்லி வாசித்தாள். முகமூடி போட்டு நடிப்பவர்களுக்குப் பெரிய அரங்கம். முகத்தில் வண்ணம் பூசி நடிப்பவர்களுக்குச் சின்ன கூடம். ஆகவே, தூரத்தில் உட்கார்ந்தவர்களுக்கு முகம் தெரியத்தான் முகமூடி தோன்றியது. இந்த வாதத்தை எது உடைக்கும்? முகமூடிக்குள் மூச்சு முட்டும் என்பது முதல் விடை. அதற்குள் அவர் கையைத் தூக்கிவிட்டார். கரடி வேஷத்தில் மூச்சு முட்டி, பாதி வசனத்தை விழுங்கிய கதையை நுரையும் கையுமாக நடித்தே காட்டினார்.

"உங்க கரடி இந்தத் தாள்ல இல்லீங்க. ஆகவே எங்க வருதோ, அதுக்கு முன்னாடி என்ன இருக்குன்னு பாருங்க. அரங்கம் பெரிசு, ஆகவே முகமூடி வந்துச்சுங்கறான். சின்ன கூடத்துல ஆடின காலத்துலயே முகமூடி இருந்திருந்தா?"

அவர் குழாயை மூடினார். "அப்ப ஆகவே காலி."

"அதான் ரெண்டாவது விடை."

பின்பக்கம் புரட்டிப் பார்த்தாள். சரியாக இருந்தது. போன தடவை இதே மாதிரிக் கேள்வியில்தான் வழுக்கியது. இனி வழுக்காது. அந்தத் தெம்பில், இத்தனை நாள் எடுக்காத பேச்சும் வெளியே வந்துவிட்டது.

"நாளைக்கு நான் பாஸ்தான். பாஸானா மாத்தல் வரும். ஆகவே, நாம கிளம்பித்தான் ஆகணும். நான் என்ன பண்றது, சொல்லுங்க."

அவர் கடைசி டம்ளரைக் கழுவி அவளிடம் நீட்டினார். குரலில் குத்தல் இல்லை. மோட்டாரில் எந்தக் கம்பி அறுந்திருக்கிறது என்று தேடுகிற நிதானம்தான்.

"ஏம்மா, ஊரை விட்டுப் போகணும்னு தோணினது பரீட்சைக்கு எழுதிப் போட்ட அப்புறமா, அதுக்கு முன்னாடியேவா?"

அவள் டம்ளரைத் துடைத்தாள். ஈரம் போன பிறகும் துடைத்தாள். அதை அலமாரியில் கவிழ்த்து வைத்துவிட்டு, துண்டைக் கொடியில் போட்டு, வினாத்தாளை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டாள்.