மரக்கட்டை அச்சின் பின்பக்கம்

டப்ளினில் ஒரு ஃபிரேமிங் கடையில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்வேன்.

நான் சேர்ந்த மூன்றாம் வாரம், மிச்சிகோ என்ற வயதான ஜப்பானியப் பெண்மணி ஒரு படம் கொண்டுவந்தார். கண்ணாடியில் விரிசல், ஃபிரேம் மாற்ற வேண்டும். படத்தில் ஆளும் இல்லை, மரமும் இல்லை. பெரிய கறுப்பு வடிவம், ஓரத்தில் கீறலாய்ச் சிவப்பு, கறுப்புக்குள்ளே பலகையின் ரேகைகள். போருக்குப் பின் டோக்கியோவில் அவர் கணவர் மரப்பலகையில் தானே செதுக்கி, தானே அச்சிட்டதாம். கணவர் இறந்து இருபது வருடம் ஆகிறது என்றார்.

பழைய ஃபிரேமைப் பிரித்தால் தாள் அலையலையாக நெளிந்திருந்தது. முதலாளி முரளி சார் எட்டிப் பார்த்தார்.

"டிரை மவுண்ட் பண்ணிடும்மா. ஃபிளாட்டா உக்காந்துடும். சனிக்கிழமை டெலிவரி."

டிரை மவுண்ட் என்றால் சூடான பிரஸ்ஸில் தாளை அட்டையோடு ஒட்டிவிடுவது. பிறகு பிரிக்க வராது. பிரஸ்ஸைச் சூடேற்றிவிட்டுத் தாளைத் திருப்பினேன். மை உள்ளே ஊறி மறுபக்கம் வந்திருந்தது. அதன்மேல் வட்டம் வட்டமாகத் தேய்த்த தடங்கள். இந்த அச்சுக்கு மெஷின் கிடையாது; மை பூசிய பலகைமேல் தாளை விரித்து, முதுகுப்பக்கம் கையால் தேய்ப்பார்கள். அந்த மனிதரின் கைவேகம் அப்படியே இருந்தது.

பிரஸ்ஸை அணைத்தேன்.

"செவுத்துல மாட்டப்போறாங்க. பின்னாடி யாரு பாக்கப்போறா?" என்றார் சார்.

"அவங்களை ஒரு வார்த்தை கேட்டுடலாம் சார்."

வேலைக்குச் சேர்ந்து மூன்றே வாரம். சொல்லிவிட்டுப் பயந்துகொண்டுதான் நின்றேன். சார் அரை மனதோடு சம்மதித்தார்.

மறுநாள் மிச்சிகோ வந்தார். கல்யாணத்துக்கு முன்பே கணவர் ஃபிரேம் போட்ட படம் அது. பின்பக்கத்தை அவர் பார்த்ததே இல்லை. தாளைத் தொடாமல், தடங்களுக்கு மேலே கையை வட்டமாகச் சுற்றினார். கல்யாணத்துக்குப் பிறகும் அச்சிடும்போது அவர் ரொம்ப அழுத்தித் தேய்ப்பார், தோள் வலிக்கும், நான் பிடித்துவிடுவேன் என்று ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னார். இன்னும் கொஞ்சம் இருக்கலாமா என்று கேட்டார். முரளி சாரே நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

என் கணவர் அப்போது வேலைக்காக இர்விங் என்ற தூரத்து ஊரில் இருந்தார். மாதம் ஒருமுறைதான் வருவார். அன்று மாலை அவரிடம் இதையெல்லாம் சொல்ல நினைத்து, போனில் "எப்ப வரீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

படத்தை ஒட்டவில்லை. மேல் ஓரத்தில் மட்டும் மெல்லிய தாளால் பிடித்து ஃபிரேம் செய்தேன். அதன்பின் உயிரோடு இருந்த மூன்று வருடமும், கணவரின் நினைவு நாளில் மிச்சிகோ அதைத் தூக்கிக்கொண்டு வருவார். கழற்றித் திருப்பி வைத்துவிட்டு நான் தள்ளிப் போய்விடுவேன்.

எதையும் ஒட்டுமுன் திருப்பிப் பாருங்கள். உரியவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். டெலிவரி ஒரு நாள் தள்ளிப் போகட்டும்.